ஒரு நினைவகக் கண்காணிப்புக் கருவியின் ஆவணங்களை ஒழுங்குபடுத்திய அனுபவம்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்தில், லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடிப்படையாகக் கொண்ட சர்வர் இயங்குதளம் ஒன்றைப் பராமரித்து வருகிறோம். அதன் நினைவகக் கண்காணிப்புப் பகுதிக்கான ஆவணங்கள் என் பொறுப்புக்கு வந்தபோது, ஒரே விவரம் பல இடங்களில் பலவிதமாக எழுதப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்குத் தரும் கையேடு ஒன்று, ஆதரவுக் குழுவின் உள்குறிப்புகள் ஒன்று, எங்கள் பொறியாளர்கள் நிரலின் தலைப்புக் கோப்புகளில் எழுதிய விளக்கங்கள் ஒன்று, இவை தவிர கெர்னலோடு வரும் ஆவணங்கள். தனித்தனியாகப் படித்தால் எதுவும் தவறாகத் தெரியாது. இரண்டை அருகருகே வைத்துப் படித்தால்தான் சிக்கல் புரியும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேமன் என்பது 2021இல் வெளிவந்த 5.15 கெர்னலில் சேர்க்கப்பட்ட கண்காணிப்பு அமைப்பு. எந்த நினைவகப் பகுதி அடிக்கடி பயன்படுகிறது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்பதை அது மாதிரி எடுத்துக் கணிக்கிறது. ஒவ்வொரு நினைவகப் பக்கத்தையும் (நினைவகத்தைக் கெர்னல் நிர்வகிக்கும் சிறு துண்டு) பார்ப்பதானால் சர்வருக்குச் சுமை தாங்காது; ஆகவே நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு பக்கத்தை மட்டும் சோதித்து, அதையே அந்தப் பகுதி முழுவதற்குமான சான்றாக எடுத்துக்கொள்கிறது. பயன்பாடு ஒத்திருக்கும் அடுத்தடுத்த பகுதிகளை இணைப்பதும், பிறகு பகுதிகளை மீண்டும் பிரிப்பதுமாக அது தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். பகுதிகளின் எண்ணிக்கைக்கு இயல்பான கீழெல்லை 10, மேலெல்லை 1000.

முதல் வேலையாக ஒரு பெரிய அட்டவணையைத் தயாரித்தேன். கருவியின் அமைப்புகளை மாற்றப் பயனர் தொடக்கூடிய ஒவ்வொரு கோப்பும் ஒரு வரிசை. அதன் பொருள் என்ன, அலகு என்ன, இயல்பான மதிப்பு என்ன, மாற்றினால் மாற்றம் எப்போது நடைமுறைக்கு வரும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு ஆவணமும் தரும் விடையை அப்படியே எடுத்து எழுதினேன். சொந்த நடையில் சுருக்கி எழுதினால் முரண்பாடு மறைந்துவிடும் என்பதால் வாக்கியங்களை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டினேன். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் ஆவணங்களைத் திருத்தத் தொடங்குபவர்கள் நடையை மட்டுமே திருத்துகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணை நிறைய நிறைய, அலகுகள் முதலில் அகப்பட்டன. மாதிரி எடுக்கும் இடைவெளியை எங்கள் கையேடு 5 என்றது, ஆதரவுக் குழுவின் குறிப்பு 5000 என்றது. இரண்டும் சரியே: முன்னது மில்லிவினாடி, பின்னது மைக்ரோவினாடி. ஆனால் சிஸ்எஃப்எஸ் கோப்பில் (கெர்னலின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் கோப்பு) எழுத வேண்டியது மைக்ரோவினாடியில்தான். கையேட்டை நம்பி 5 என்று எழுதுபவர், ஆயிரம் மடங்கு அடிக்கடி சோதிக்கும்படி கருவியிடம் சொல்லிவிடுவார். இதே வகைக் குழப்பம் எங்கள் கையேட்டின் வேறு அத்தியாயங்களிலும் இருந்தது. நினைவக நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'கேபி' என்று அச்சாகும் அலகு உண்மையில் 1024 பைட்டுகள்; அதே நிலவரத்தைச் சுருக்கிக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் 'கிலோ' என்ற தெரிவைக் கொடுத்தால் 1000 பைட்டுகள். ஒரே கையேட்டின் இரண்டு பக்கங்கள் இவற்றைக் கலந்து எழுதியிருந்ததால், கூட்டிப் பார்த்த வாடிக்கையாளருக்குக் கணக்கு உதைத்தது.

அலகைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருந்தது. எங்கள் குழுவில் பரிசோதனை வேலை பார்க்கும் ஓசூர்த் தம்பி ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "அக்கா, எவ்வளவு லோடு கொடுத்தாலும் அணுகல் எண்ணிக்கை 20ஐத் தாண்டவே மாட்டேங்குதே, டூல்ல ஏதாவது பக் இருக்கா?" கருவியில் பிழை எதுவும் இல்லை. எங்கள் கையேடு அந்தப் புலத்தை 'பகுதி அணுகப்பட்ட எண்ணிக்கை' என்று விளக்கியிருந்தது. அதைப் படிப்பவர், ஒரு பகுதி எத்தனை முறை தொடப்பட்டது என்ற எண் அது என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் அது, தொகுப்பு இடைவெளிக்குள் (மாதிரிகளின் முடிவுகளைக் கூட்டிச் சேர்க்கும் கால அளவு) எத்தனை மாதிரிகளில் அணுகல் தென்பட்டது என்ற எண். இயல்பான அமைப்பில் தொகுப்பு இடைவெளி 100 மில்லிவினாடி, மாதிரி இடைவெளி 5 மில்லிவினாடி. ஆகவே அதிகபட்சம் 20. ஐந்து மில்லிவினாடிக்குள் ஒரு பக்கம் ஆயிரம் முறை தொடப்பட்டாலும் ஒரு முறை தொடப்பட்டாலும் தொடப்பட்டதைக் குறிக்கப் பக்க அட்டவணையில் உள்ள அணுகல் பிட் ஒன்றுதான், அது ஒருமுறைதான் எழும். இந்த மேலெல்லையை எங்கள் ஆவணங்களில் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லியிருந்தது, அதுவும் இடைவெளியை மாற்றினால் எல்லையும் மாறும் என்ற செய்தி இல்லாமல்.

அதே போன்றதுதான் 'வயது' என்ற புலம். ஒரு பகுதியின் பயன்பாட்டு நிலை எவ்வளவு காலமாக மாறாமல் இருக்கிறது என்பதை அது தொகுப்பு இடைவெளிகளின் எண்ணிக்கையில் சொல்கிறது. ஆதரவுக் குழுவின் குறிப்பு ஒன்றில் 30 என்ற மதிப்புக்கு அருகே வினாடி என்று எழுதியிருந்தார்கள். பயன்படாத நினைவகத்தை வெளியேற்றும் திட்டத்தில் அப்படி ஒருவர் அமைத்தால், முப்பது வினாடி சும்மா கிடந்த பகுதிக்குப் பதிலாக மூன்று வினாடி மட்டுமே ஓய்ந்திருந்த பகுதியும் ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்கு மாற்றாக ஒதுக்கிய சேமிப்பிடம்) தள்ளப்படும். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தக் குறிப்பைத் திறக்கும் பொறியாளர் அதைச் சரிபார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். ஆவணத்தின் ஒற்றுமை அழகுக்காக அல்ல, அவருக்காகத்தான் என்று குழுக் கூட்டங்களில் நான் விடாமல் சொல்லிவந்தேன்.

தீர்வை யோசித்தபோது சிலர் எல்லா ஆவணங்களிலும் ஒரே வாக்கியத்தை நகலெடுத்து வைக்கலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நகல்கள் வைத்த நாளில் ஒன்றாக இருக்கும். அடுத்த ரிலீஸில் ஒன்றைத் திருத்துவோம், மற்றவை பழையபடியே நிற்கும். கெர்னலின் ஆவணங்களே இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. கருத்து விளக்கங்கள் வடிவமைப்பு ஆவணத்தில் இருக்கின்றன. பயன்பாட்டு வழிகாட்டி எந்தக் கோப்பில் எதை எழுதுவது என்பதைச் சொல்லி, விளக்கத்துக்கு வடிவமைப்பு ஆவணத்தின் உரிய பகுதிக்கு இணைப்புத் தருகிறது. இடைமுகங்களைப் பட்டியலிடும் ஏபிஐ கோப்பு ஒவ்வொரு சிஸ்எஃப்எஸ் கோப்பையும் இரண்டொரு வரியில் முடித்துக்கொள்கிறது. நாங்களும் அதையே பின்பற்றினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்த வீடு, மற்ற இடங்களில் இணைப்பு மட்டும். ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கக் கருவியைக் கொண்டு ஆவணத்தைத் தொகுக்கும்போது உடைந்த இணைப்புக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கை இருந்தால் தொகுப்பே தோல்வியடையும்படி அமைத்துவிட்டோம்.

எங்கள் மூத்த பொறியாளர், திருநெல்வேலிக்காரர், இதில் ஒரு நியாயமான தடையை எழுப்பினார். வாடிக்கையாளரின் சர்வர் அறையில் பெரும்பாலும் இணைய வசதி இருக்காது, இணைப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்றார். ஆகவே அச்சுக் கையேட்டில் மட்டும், வடிவமைப்பு ஆவணத்தின் பத்தியை எழுத்துப் பிசகாமல் தொகுக்கும் நேரத்தில் உள்ளிழுத்துக்கொள்ளும்படி செய்தோம். கையால் நகலெடுப்பது அறவே நின்றது.

கெர்னல் பதிப்புகள் தந்த தலைவலி தனி. 5.15இல் டேமனை இயக்க டீபக்எஃப்எஸ் (பிழைத்திருத்தத்துக்கான கோப்பு முறைமை) வழி மட்டுமே உண்டு. சிஸ்எஃப்எஸ் வழி 2022இல் 5.18இல்தான் வந்தது, பிற்பாடு டீபக்எஃப்எஸ் வழி கைவிடப்பட்டது. எங்கள் வாடிக்கையாளரில் சிலர் 5.15இலும் சிலர் 6.1இலும் இருந்ததால், இருவருக்கும் பொதுவான ஒரே கையேடு என்பது இருவரையும் ஏமாற்றுவதாகவே முடிந்தது. ஆவணங்களை நிரலோடு அதே கிளையில் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியே பராமரிக்கும் நிரல் வரிசை) வைத்து, அந்தக் கிளையில் உள்ளதை மட்டுமே விளக்குவது என்று முடிவு செய்தோம். ஃப்ரீ கட்டளைக்கும் இந்த விதி பொருந்தியது: 'பயன்பாட்டில்' என்ற நெடுவரிசையை, அந்தக் கட்டளையைத் தரும் ப்ராக்பிஎஸ் மென்பொருள் தொகுப்பின் பழைய பதிப்புகள் ஒருவிதமாகக் கணக்கிட்டன, நான்காம் பதிப்புத் தொடரில் அது மொத்தத்திலிருந்து கிடைக்கக்கூடியதைக் கழித்த மீதி. எந்தப் பதிப்பு என்று சொல்லாத விளக்கம் பாதி வாசகருக்குத் தவறான விளக்கமே.

அட்டவணையின் கடைசி நெடுவரிசை, அதாவது மாற்றம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பது, எல்லா ஆவணங்களிலும் ஏறக்குறைய காலியாக இருந்தது. கண்காணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இடைவெளிக் கோப்பில் புதிய மதிப்பை எழுதினால் எதுவும் மாறாது; நிலைக் கோப்பில் 'கமிட்' என்று எழுதிய பிறகே கருவி அதைப் படிக்கும். இதை எழுதி வைக்காததால்தான் 'மாற்றியும் மாறவில்லை' என்ற புகார்கள் ஆதரவுக் குழுவுக்கு வந்துகொண்டிருந்தன.

இப்போது ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட் தனியே எடுத்து, ஒவ்வொரு கிளைக்கும் உரிய மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்க்கிறது. பயனருக்குத் தெரியும் எதையாவது மாற்றும் பேட்ச் (நிரல் திருத்தம்), அதே தொடரில் ஆவணப் பேட்ச் இல்லாமல் வந்தால் ரிவியூவில் திருப்பி அனுப்பப்படுகிறது. இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. புதிய கெர்னல்களில் கண்காணிப்பு இடைவெளிகள் சூழலுக்கேற்பத் தாமே மாறும் வசதி வந்துவிட்டதால், 'வயது 300 என்றால் 30 வினாடி' என்று எடுத்துக்காட்டு எழுதி வைக்க முடியாது. அப்போது ஓடும் இடைவெளியைப் படித்துப் பெருக்கும் முறையைத்தான் எழுத வேண்டும். அந்தப் பத்தியை ஓசூர்த் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அதைப் பின்பற்றி அவருக்குச் சரியான வினாடிக் கணக்கு வந்த பிறகு அது அடுத்த பதிப்பில் சேரும்.