மேற்கு சிட்னி வெயிலும் எங்கள் கெல்பியும்

சிட்னி என்றதும் கடலும் காற்றும்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கமெல்லாம் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கிறது. கடற்காற்று பல நாள் எங்களை வந்து எட்டுவதே இல்லை. இன்னும் மேற்கே போனால் பென்ரித். ஜனவரி இங்கே நடுக்கோடை; அங்கே 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. மதுரை வெயிலில் வளர்ந்தவன் நான். இந்த ஊர் வெயிலுக்கு மதியத்தில் வாசல் கதவைத் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் எங்களிடம் ஒரு கெல்பி நாய் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆட்டு மந்தையை ஓட்டுவதற்கென்றே உருவான இனம். நாள் முழுக்க ஓடினாலும் சளைக்காது. வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்: செடியைப் பிடுங்கும், வேலியோரமாக ஓடி ஓடிக் குரைக்கும். மதுரையில் எங்கள் தெருவில் வளர்ந்த நாய்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெயில் ஏறினால் வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்துக் குளிர்ச்சியாகப் படுத்துவிடும். வெயில் தாழ்ந்ததும் எந்த வீட்டில் மீன் குழம்பு என்று மோந்தபடி ஊரைச் சுற்றிவரும். இங்கே நாய் வேலிக்குள்ளேயே இருக்கிறது; வெளியே போனால் கழுத்தில் கயிறு. அதற்கு நிழல், விளையாட்டு, மோந்து பார்க்க ஒரு புது வாசனை எல்லாமே நாம் கொடுத்தால்தான் உண்டு. கோடையில் இதை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சாயங்காலம் வாக்கிங் போகலாமே என்று தோன்றும். ஜனவரியில் இரவு எட்டு மணி வரை இங்கே வெளிச்சம் இருக்கும். தார்ச்சாலை அதற்கப்புறமும் கொதிக்கும். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. அதனால் எங்கள் நடை காலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். மிச்ச நாளுக்கு மூக்குதான் வழி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் பண்ணையில் கெல்பிகளை வைத்திருந்தவர். கால் ஓடாத நாளில் மூக்கை ஓட விடு என்பார். பழைய துண்டில் உலர்ந்த தீனியைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போடுகிறோம். அட்டைப்பெட்டிக்குள் பெட்டி வைத்து அடியில் காய்ந்த கங்காரு இறைச்சித் துண்டை ஒளிக்கிறோம். பிள்ளைகள் அறை அறையாக ஒளித்துவிட்டு “தேடு” என்றால் அது புறப்பட்டுவிடும். கொஞ்ச நேரம் இப்படித் தேடினாலே தானாக வந்து படுத்துத் தூங்கும். ஆனால் இதைக் குளிர்ந்த அறையில்தான் செய்ய வேண்டும். மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோக்க முடியாது. வாய் வழியே காற்றை வாங்கிச் சூட்டைத் தணிக்கவே அதற்கு நேரம் போதாது.

நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் பொம்மையில் புளிக்காத தயிரோ வேகவைத்த கோழியோ அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் நக்கி நக்கி நீண்ட நேரம் ஓட்டும். நம் வீட்டுச் சமையல் மிச்சத்தை மட்டும் அடைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். திராட்சையும் உலர்திராட்சையும் அப்படியே. கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான அதுவும் நாய்க்கு விஷம்தான்.

கொல்லையில் நிழலில் குழந்தைகளின் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிற்கிறது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று முடியை மழிக்கச் சிலர் சொன்னார்கள். கெல்பிக்கு இரட்டை அடுக்கு முடி. அது வெயிலையும் தடுக்கிறது, அதனால் சீவிவிடுவதோடு சரி.

எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி, காற்றடிக்க விட்டு, அப்புறம் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி விடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

புதிதாக வந்து நாய் வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் இனம் கேட்கிறார்கள். பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்தாலும் சூட்டை எளிதில் வெளியேற்ற முடியாதவை. ஏசி இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அவற்றை நான் சொல்வதே இல்லை. மதியம் குளிர்ந்திருக்கும் அறை ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.