அப்பத்தா தொட்டால் மட்டும் குழி எரியவில்லை

பொங்கல் லீவுக்குக் காரைக்குடி போனபோது பாதி முடித்திருந்த பல்லாங்குழி கேமையும் லேப்டாப்பில் கொண்டுபோயிருந்தேன். பைத்தானில் கேம் எழுத உதவும் பைகேமில் எழுதியது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, நாலு சேர்ந்தால் பசு, எல்லாம் எங்கள் வீட்டு ஆட்டப்படிதான். குழியைத் தொட்டால் மஞ்சளாக எரியும், மறுபடி தொட்டால் அணையும், எரியும்போது 'எடு' பட்டனை அழுத்தினால் காய் போட ஆரம்பிக்கும்.

வளவில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் மவுஸைக் கொடுத்தேன். முதலில் திரையில் மவுஸ் அம்பே நிற்கவில்லை, கண்டபடி துள்ளியது. மவுஸ் அடியில் இருக்கிற சென்சார் தரையை விடாமல் குட்டிக்குட்டிப் படமாக எடுத்து ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கும், எங்கள் ஆத்தங்குடிக் கல்லோ முகம் பார்க்கிற பளபளப்பு. கீழே பழைய செய்தித்தாளை விரித்ததும் அது சரியானது. குழிதான் ஒரு தடவை எரிந்தது, மூன்று தடவை எரியவில்லை.

"ஏப்பா, இதுக்கு என் மேல என்ன கோபம்?"

எனக்கும் எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறது, மவுஸ் பழசு என்று விட்டுவிட்டேன். மவுஸ் பாவம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரைப்படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தடவையும், 'மவுஸ் பட்டன் இப்போது அழுந்தியிருக்கிறதா' என்று கெட்_பிரெஸ்டை வைத்துக் கேட்டு, ஆமாம் என்றால் குழியை மாற்றிக்கொண்டிருந்தது என் புரோகிராம். நொடிக்கு 60 ஃபிரேம், விரலை வைத்து எடுக்கப் பத்தில் ஒரு பங்கு நொடி என்றாலும் அதற்குள் 6 தடவை எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கடைசியில் இருட்டு, 7 ஆகிவிட்டால் வெளிச்சம். கைக்குள் புளியங்கொட்டையை மூடி ஒத்தையா ரெட்டையா கேட்போமே, அதைத்தான் என் புரோகிராம் அப்பத்தாவோடு ஆடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே மவுஸ்பட்டன்டவுன் ஈவென்டுக்கு, அதாவது பட்டன் அழுந்திய கணத்தில் வரும் தகவலுக்கு, மாற்றினேன். எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அது ஒரே ஒரு தடவைதான் வரும். ஆனால் ஈவென்ட் வரிசையில் காத்திருக்கும் என்பதை மறந்துவிட்டேன்! காய் போடுகிற காட்சிக்காக, ஈவென்டைப் படித்துக்கொண்டே சுற்றுகிற லூப்பையே நிறுத்தி வைத்திருந்தேன், அது முடிகிற வரை பொறுமையில்லாமல் அப்பத்தா தட்டிய நாலு தட்டும் முடிந்த கையோடு மொத்தமாக வந்து விழுந்தன. காய் போட்டு முடிந்ததும் வரிசையைக் காலி செய்ய ஒரு வரி சேர்த்தேன்.

அப்புறம் கை நடுக்கம். ஒரு குழியில் அழுத்துவார், வழுக்கிப் பக்கத்துக் குழியில் விடுவார். அழுத்தியதும் விட்டதும் ஒரே குழி என்றால் மட்டும் கணக்கில் எடு என்று வைத்தேன். முழுத் திரையில் 1280 அகலப் படம் 1920 ஆக விரிவதால் மவுஸ் சொல்லும் எண்ணை ஒன்றரையால் வகுக்க வேண்டியிருந்தது, அது பெரிய வேலையில்லை.

எல்லாம் சரியானதும் பெருமையாகக் காட்டினேன். ஒரு குழியைத் தொட்டு எரியவிட்டார், நான் அதை அணைத்துவிட்டு இன்னொன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"தொட்ட குழியை மாத்தலாமா? அது அழுகுணி ஆட்டம்ல?"

எரிகிற அணைகிற சமாச்சாரம், 'எடு' பட்டன் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். இப்போது தொட்டால் எடுத்தாக வேண்டும்.