பட்டியலில் இருப்பவர் வீட்டில் இல்லை

தேர்தல் தேதி அறிவித்த உடனே எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். கட்சி வேலை எதுவும் பார்த்ததில்லை. இரண்டு தேர்தல்களுக்கு வாக்காளர் ஆய்வுக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்த ஆள் நான்.

"யாரு ஜெயிப்பாங்க?" என்றுதான் கதவைத் திறக்கிறவர்கள் என்னைக் கேட்பார்கள். யார் ஜெயித்தார் என்பது எண்ணும் நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏன் ஜெயித்தார், போனமுறை போட்ட கட்சியை இந்தமுறை எதற்காக விட்டார்கள், வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் யார் யார்? இதையெல்லாம் ஓட்டுப்பெட்டி சொல்லாது, ஆளைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1948 முதல் அதிபர் தேர்தலை ஒட்டியும், பிரிட்டனில் 1964 முதல் பொதுத்தேர்தலை ஒட்டியும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் கையில் தருவது ஒரு பெயர்ப்பட்டியல். குலுக்கல் மாதிரி எடுத்த பெயர்கள். அந்த ஆளிடம்தான் பேச வேண்டும். அவர் மனைவியிடமோ அண்ணனிடமோ கூடாது. ஆள் இல்லை என்றால் வேறு நாள், வேறு நேரம் திரும்பப் போக வேண்டும். முதல் நாளே எனக்குச் சோதனை வந்தது. பட்டியலில் இருந்தவர் லாரி ஓட்டுநர், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்கிட்ட கேளுங்க, அரசியல் பூரா அத்துப்படி" என்றார். சாயங்காலம் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அவர் ரொம்ப நல்லவர்தான். அவர் பேரு வரலையே" என்றார், அவ்வளவுதான்.

அப்போது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் 1936 கதையைப் படித்தேன். அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தார்கள். அதிலும் மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் ஒரு தினுசு. நாற்காலி போட்ட பெரியவர்கள் 20 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 2015லும் இதே வினைதான். கணிப்புகள் இரண்டு பெரிய கட்சிகளும் ஏறக்குறைய சமம் என்றன. கன்சர்வேட்டிவ் கட்சி 6 புள்ளிக்கு மேல் முந்தியது. தேர்தலுக்குப் பிறகு நேரில் போய்க் கேட்ட ஓர் ஆய்வில், முதல் தடவையே கதவைத் திறந்தவர்களிடம் லேபர் கட்சி முன்னால் இருந்தது. மூன்று முதல் ஆறு தடவை அலைந்து பிடித்தவர்களிடம் கன்சர்வேட்டிவ் முன்னால் இருந்தது. இதைப் படித்தபோது என் செருப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சரி, லாரிக்காரருக்கு வருவோம். மூன்றாவது தடவை, இரவு ஒன்பது மணிக்கு அகப்பட்டார். வாசல்படியில் உட்கார்ந்தே பேசினோம். எந்தக் கட்சிக்காவது நெருக்கமானவரா என்று கேட்டதும், "எல்லாம் ஒண்ணுதாங்க, எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது" என்றார். 'இல்லை' என்று குறித்தேன். அடுத்த கேள்வி, "அப்படியானால் ஏதாவது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நெருக்கமாகத் தோன்றுகிறதா?" பீடியை அணைத்தார். அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு கட்சியைத் திட்டினார். திட்டும்போது இன்னொரு கட்சிக்காரர்களை இரண்டு தடவை "நம்ம ஆளுங்க" என்றார். இந்தத் துணைக்கேள்வியை யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. கட்சி இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்காவது 'நம்ம ஆளுங்க' இருக்கிறார்கள் என்பது என் அனுபவக் கணக்கு.

தலைவர்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லும் கேள்வியும் உண்டு. வெப்பமானி மாதிரி, 50 என்றால் நடுநிலை. ஓர் அம்மா ஒரு தலைவர் பெயரைக் கேட்டதும், "பூஜ்யத்துக்குக் கீழ கட்டம் இல்லையா தம்பி?" என்றார்.

யாருக்கு ஓட்டு என்பதை நான் வாய்விட்டுக் கேட்பதில்லை. மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன். அவர்களே குறித்து, மடித்து, பெட்டியில் போடுவார்கள். இதன் அருமை ஒரு வீட்டில் புரிந்தது. எல்லாக் கேள்விக்கும் அம்மாவுக்குப் பதில் மகன் சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டு கைக்கு வந்ததும் அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தேர்தல் முடிந்ததும் அதே ஆட்களிடம் திரும்பப் போனோம். இந்தச் சுற்றில்தான் பொய் அதிகம். ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறவர்களின் விழுக்காடு உண்மையான வாக்குப்பதிவைவிடக் கூடுதலாக வருவது எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் பழகிய தலைவலி. அதனால்தான் கேள்வியையே இதமாக வைத்திருப்பார்கள்: "உடம்புக்கு முடியாமலோ நேரம் இல்லாமலோ பலரால் ஓட்டுப்போட முடியாமல் போகிறது. உங்களுக்கு எப்படி?" பிரிட்டனில், யார் யார் வந்தார்கள் என்று வாக்குச்சாவடியில் குறியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டே பார்க்கிறார்கள். ஜெயித்த கட்சிக்குப் போட்டதாகச் சொல்கிறவர்களும் பெருகிவிடுவார்கள். முதல் சுற்றில் அந்தக் கட்சியை வாய்க்கு வந்தபடி ஏசிய ஒருவர், "நான் எப்பவும் அவங்களுக்குத்தான்" என்றார். பழைய தாள் என் பையிலேயே இருந்தது. ஞாபகப்படுத்த எனக்கு உரிமை இல்லை. சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

லாரிக்காரர் வீடு மறுபடியும் பூட்டு. இந்தமுறை நாலாவது தடவைதான் கிடைத்தார். ஓட்டுப்பதிவு அன்று ஊரிலேயே இல்லை, சரக்கு இறக்க முடியாமல் எங்கோ மாட்டிக்கொண்டாராம். "போடலைங்க. இவ்வளவு தூரம் அலைஞ்சீங்களே, ஃபாரம் வீணாப் போச்சா?"

அன்று வரை என் பட்டியலில் 'போடவில்லை' கட்டத்தில் ஒரு டிக் கூட விழுந்திருக்கவில்லை. "இல்லைண்ணே, முழுசா கேட்டுட்டுத்தான் போவேன்" என்று வாசல்படியில் உட்கார்ந்தேன்.