வட்டார எல்லைக் கோட்டை நகர்த்த மனு எழுதுகிறவர்களுக்கு: திருகோணமலை அனுபவம்

உள்ளூராட்சி மன்றத்துக்கு உறுப்பினர் தெரிவாகும் வட்டாரங்களின் எல்லை நிர்ணயம் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தல் வந்தால், ‘எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், உடனே சரிசெய்து தாருங்கள்’ என்று ஒரு பக்கக் கடிதம்தான் எங்கள் பக்கத்தில் முதலில் எழுதப்படும். கீழே நூற்றுக்கணக்கில் கையொப்பம் இருக்கும். கடிதம் பைலுக்குள் போகும், கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். எல்லை நிர்ணயக் குழுவில் இருப்பவர்கள் ஊரை வெறுப்பதால் இப்படி நடப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து ஐந்நூறு வாக்காளரை எடுத்தால் அவர்களை மற்றப் பக்கத்தில் எங்கே சேர்ப்பது, அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. பதிலை நாமே எழுதிக் கொடுத்தால் அவர்கள் வாசிப்பார்கள்.

எழுதும் முன், எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வேண்டும். திருகோணமலையில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு உள்ளூராட்சி மன்றங்கள். ஒன்று, நகர சபையாக இருந்து இப்போது மாநகர சபையாகியிருப்பது. மற்றது பட்டினமும் சூழலும் பிரதேச சபை, வழக்கத்தில் உப்புவெளிப் பிரதேச சபை. சாம்பல்தீவுக்காரரோ கன்னியாக்காரரோ ‘எங்களை டவுணோடு சேருங்கள்’ என்று கேட்டால் அது வட்டார எல்லை மனு அல்ல. மன்றத்தின் வெளி எல்லையை மாற்றச் சொல்லும் மனு அது, அதற்கு அமைச்சரின் வேறு வர்த்தமானி (அரச அறிவித்தல்) வேண்டும். வட்டாரக் குழுவிடம் கொடுத்தால் ‘எமது நோக்கெல்லைக்கு அப்பாற்பட்டது’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லையும் அப்படித்தான், அது நிர்வாகப் பக்கத்து வேலை. திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தேர்தல் தொகுதிகளுக்கும் வட்டாரத்துக்கும் தொடர்பில்லை. மாகாண சபைக்கென்று கலாநிதி தவலிங்கம் தலைமையில் நடந்த எல்லை நிர்ணயம் இன்னொன்று. அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்துவிட்டது. இத்தனைக்கும் ‘எல்லை நிர்ணயம்’ என்ற ஒரே பெயர் என்பதால், கடிதத்தின் தலைப்பிலேயே ‘உள்ளூராட்சி வட்டார எல்லை’ என்று மன்றத்தின் பெயரோடு எழுதுங்கள்.

இப்போதுள்ள வட்டாரங்கள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொன்னால்: 2012-இன் 22-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வட்டார முறையை மீண்டும் கொண்டுவந்தது. 2015-இல் வட்டார எல்லைகளின் வர்த்தமானி வந்தது. முறைப்பாடுகள் குவிந்ததால் அசோக பீரிஸ் தலைமையில் மீளாய்வுக் குழு வைத்தார்கள். அதன்படி திருத்திய எல்லைகள் 2017 பெப்ரவரியில் வர்த்தமானியாயின. அதே வருடம் 16-ஆம் இலக்கச் சட்டம் உறுப்பினர்களில் வட்டாரத்துக்கு 60, கட்சிப் பட்டியலுக்கு 40 வீதம் என்று ஆக்கியது. 2018 பெப்ரவரி 10-ஆம் திகதி இந்த முறையில் முதல் தேர்தல். நாடு முழுவதும் உறுப்பினர் தொகை 8,000-ஐத் தாண்டியதால், அதைக் குறைக்க மஹிந்த தேசப்பிரிய தலைமையில் 2022-இல் இன்னொரு குழு. அது 2023 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. ஆனால் 2025 மே 6-ஆம் திகதி வாக்களித்தது பழைய வட்டாரங்களில்தான். ஆகவே அடுத்த திருத்தத்தில் வட்டாரங்கள் குறைந்து பெரிதாகும் என்று எதிர்பார்த்தே தயாராவது புத்தி. ‘எங்கள் சின்ன வட்டாரத்தை அப்படியே விடுங்கள்’ என்று மட்டும் கேட்பதைவிட, சேர்க்கத்தான் வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தோடு சேர்க்க வேண்டும் என்ற இரண்டாவது விருப்பத்தையும் எழுதி வையுங்கள். பெரும்பாலான மனுக்களில் இது இருப்பதில்லை.

சேகரிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் கிடக்கும். நடைமுறையிலுள்ள வட்டாரத்தின் எண், பெயர், அதில் அடங்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் ஆகியவற்றை அதிவிசேட வர்த்தமானியில் பாருங்கள். தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியையும் எடுத்து இலக்கங்களை ஒப்பிடுங்கள். பெயர் எழுத்துப்பெயர்ப்பில் மாறும், இலக்கம் மாறாது. வாக்காளர் தொகை மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்தில் கிடைக்கும். மொத்தத் தொகை மட்டும் போதாது, வாக்காளர் இடாப்பு (பதிவேடு) வீதி வீதியாக, வீட்டிலக்கப்படி இருப்பதால் ஒழுங்கை வாரியாக எண்ணிக்கொள்ளலாம். கிராம உத்தியோகத்தர் பிரிவு வரைபடம் பிரதேச செயலகத்திலோ நில அளவைத் திணைக்களத்திலோ இருக்கும். வாய்ப்பேச்சில் கேட்டு இழுபட்டால், 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், காரணம் காட்டி நீடிக்கவும் அவர்களால் முடியும். மனுக் காலம் பொதுவாகக் குறுகியது என்பதால் அறிவித்தல் வந்த பிறகு இந்த விண்ணப்பம் போடுவது வீண். இப்போதே போட்டு வைக்க வேண்டிய வேலை அது.

சனத்தொகை வேறு, வாக்காளர் தொகை வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கும் மனுவைக் குழு ஓரமாக வைத்துவிடும். எங்கள் மாவட்டத்தில் 2001 குடிசன மதிப்பீடு முழுமையாக நடக்கவில்லை. 1981-க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012-இல்தான். அதற்குள் இடம்பெயர்வு, சுனாமி, மீள்குடியேற்றம் எல்லாம் வந்துபோயின. புதிய கணக்கெடுப்பு 2024 டிசம்பரை மையமாக வைத்து நடந்தது. வாக்காளர் இடாப்பிலும் சிக்கல் உண்டு. வாழ்வது ஒரு வட்டாரம், பதிவு இன்னொன்றில் என்று கணிசமான குடும்பங்கள் இருக்கின்றன, குறிப்பாகக் கடற்கரையிலிருந்து உள்ளே மாறியவர்கள். இவர்கள் வாக்காளர் பதிவுக்கான பி.சி. படிவத்தில் முகவரியை மாற்றாதவரை, இடாப்பில் ஆளில்லாத தெரு நிறைந்தும் ஆள் நிறைந்த தெரு காலியாகவும் காட்டும். எல்லை மனுவுக்கு முந்திய வருடமே பதிவைச் சீராக்குவது ஆயிரம் கையொப்பத்தைவிடப் பலன் தரும்.

கணக்கு எப்படிப் போடுவது? பக்கத்துப் பக்கத்து மூன்று வட்டாரங்களில் 2,900, 1,700, 2,000 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கு மட்டும். கூட்டினால் 6,600, சராசரி 2,200. முதலாவது சராசரியைவிட 32 வீதம் கூட, இரண்டாவது 23 வீதம் குறைவு. முதலாவதிலிருந்து 500 பேரை எடுத்து நேரே இரண்டாவதில் போட்டால் 2,400, 2,200, 2,000. அழகாக முடிந்தது. ஆனால் அந்த 500 பேரின் ஒழுங்கைகள் இரண்டாவதைத் தொடாமல் மூன்றாவதை மட்டும் தொட்டால்? 500 பேர் மூன்றாவதுக்குப் போய், அங்கிருந்து 300 பேர் இரண்டாவதுக்கு நகர வேண்டும்: 2,400, 2,000, 2,200. அந்த 300 பேர் யார், அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்காமல் மனுக் கொடுத்தால், விசாரணை நாளில் அவர்கள் எதிர்மனுவோடு வந்து நிற்பார்கள். இரண்டு தரப்பும் எதிரெதிரே இருந்தால் குழு செய்வது ஒன்றுதான்: இருந்ததை இருந்தபடி விடுவது. எங்கள் கணிப்பில் சராசரியிலிருந்து பத்துப் பதினைந்து வீத வித்தியாசத்தை நல்ல காரணம் சொல்லி ஏற்க வைக்கலாம். அதற்கு மேல் போனால் காரணம் கல்லுப்போல் இருக்க வேண்டும்.

காரணங்களைச் சட்டத்தின் மொழியில் சொல்லுங்கள். இன விகிதம், புவியியல் மற்றும் பௌதிக அமைப்பு, சனத்தொகையும் அடர்த்தியும், பொருளாதார அபிவிருத்தி மட்டம் என்ற தலைப்புகள்தான் குழு பார்ப்பவை. ‘பரம்பரை பரம்பரையாக ஒன்றாக இருந்தோம்’ என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது எந்தத் தலைப்பின் கீழும் நேராக விழாது. திருக்கடலூரில் தோணி இழுக்கும் கரையும் வலை காயவிடும் இடமும் ஒரு வட்டாரம், வீடுகள் இன்னொரு வட்டாரம் என்று ஆனால் என்ன பாதிப்பு என்று எழுதினால் அது பொருளாதாரத் தலைப்பில் விழும். மழைக்கு நிரம்பும் கான் எந்தப் பக்கம் வடிகிறது என்பது பௌதிகத் தலைப்பு.

எல்லைக்கு எதைப் பிடிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதிகாரிகள் பெரிய வீதியை விரும்புவார்கள், வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் என்பதால். வீதி எல்லையாகும்போது இடது பக்கக் கடை ஒரு வட்டாரம், வலது பக்கக் கடை இன்னொன்று. தெருவிளக்குக்கு ஒரு உறுப்பினர், கான் மூடிக்கு மற்றவர், குப்பை வண்டிக்கு இருவரும் கை காட்டுவார்கள். வீட்டுப் பின்மதில், வாய்க்கால், ரயில் பாதை, கடற்கரை, உள்துறைமுகக் கரை ஆகியவை நல்ல எல்லைகள். கடல் மூன்று பக்கம் சூழ்ந்த ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. வீதியைத்தான் பிடிக்க வேண்டுமென்றால் இரு பக்க வீடுகளும் ஒரே வட்டாரத்தில் விழும்படி எழுதலாம், அது வாசகத்தில் ஒரு வரி வித்தியாசம்தான்.

குடியிருப்பாளர் கருத்துகளைத் திரட்டும்போது உவர்மலையில் ஒன்று, பெருந்தெருவில் இன்னொன்று, ஜமாலியாவில் வேறொன்று கேட்கும், அது இயல்பு. தன் ஊருக்கென்று முகந்தெரிந்த ஒரு உறுப்பினர் வேண்டும் என்று சிலர். பழைய விகிதாசார முறையில் மூன்று விருப்பு வாக்கு இருந்தது, எந்த உறுப்பினரிடமும் போகலாம், இப்போது வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இல்லை என்று சிலர். கலந்து வாழும் பகுதிகளில் சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பயம் எல்லாச் சமூகத்துக்கும் இருக்கிறது. அதற்கு மருந்தாகப் பலரும் கேட்பது பல அங்கத்தவர் வட்டாரம், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் தெரிவாகும் வட்டாரம். கேட்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அதிக வாக்கெடுத்த கட்சி அல்லது குழுவுக்கே அந்த வட்டாரத்தின் எல்லா ஆசனமும். இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்று என்ற ஏற்பாடு இல்லை. கட்சிகள் இரண்டு சமூகத்திலிருந்தும் ஆள் நிறுத்தினால்தான் பலன். நிறுத்துவார்களா என்பதைக் குழுவிடம் கேட்டுப் பயனில்லை.

மனுக்களில் பாதிப் பக்கத்தைத் தின்பது கட்சிக் கணக்கு: ‘இந்தக் கோட்டால் இன்ன கட்சிக்கு ஆசனம் கூடும்’. இது பெரும்பாலும் வீண் மை. செல்லுபடியான வாக்கு 20,000, உறுப்பினர் 25 என்றால் ஓர் ஆசனத்துக்கு 800 வாக்கு. 6,000 வாக்கு எடுத்த கட்சிக்கு 7 ஆசனம், மிச்சம் 400. மீதி ஆசனங்கள் மிச்ச வாக்கின் வரிசையில் போகும். மிச்ச வாக்கில் ஆசனம் கிடைக்காத நிலையில், அந்தக் கட்சி 5 வட்டாரம் வென்றிருந்தால் பட்டியலில் 2, வெறும் 2 வட்டாரம் வென்றிருந்தால் பட்டியலில் 5. மொத்தம் அதேதான். உரித்தான 7-ஐவிடக் கூட, உதாரணமாக 9 வட்டாரம் வென்றால் மட்டும் ஒன்பதும் அவர்களுக்கே, சபையின் தொகை அதற்கேற்ப வீங்கும். ஆகவே கோடு தீர்மானிப்பது எத்தனை என்பதைவிட, உங்கள் தெருவுக்கு யார் என்பதைத்தான். மனுவும் தெருவைப் பற்றியே இருக்கட்டும்.

எழுதும் வடிவம்: முதல் பக்கத்தில் கோரிக்கை ஒரே பந்தியில். ‘இன்ன இலக்க வட்டாரத்திலுள்ள இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவின், வடக்கே இது, கிழக்கே இது, தெற்கே இது, மேற்கே இது ஆகியவற்றுக்கு உட்பட்ட பகுதியை இன்ன இலக்க வட்டாரத்தில் சேர்க்க’ என்று, வர்த்தமானியில் அப்படியே தூக்கிப் போடக்கூடிய வாசகமாக. இரண்டாம் பக்கம் முன்-பின் அட்டவணை. மூன்றாவது வரைபடம்: பழைய கோடு ஒரு நிறம், கேட்கும் கோடு வேறு நிறம். கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தாலும் தெரியும்படி ஒன்றைப் புள்ளிக்கோடாக்குங்கள். பிறகு காரணங்கள். கையொப்பங்களில் பெயர், வீட்டிலக்கம், வட்டாரம் இருக்க வேண்டும். வெளிவட்டாரத்தார் போட்ட கையொப்பம் கண்டுபிடிக்கப்பட்டால் மற்றவையும் சந்தேகத்துக்குள்ளாகும். சனசமூக நிலையம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோவில், பள்ளிவாசல் தனித்தனியே ஒரே வாசகத்தைப் பிரதி எடுத்துக் கொடுப்பதைவிட, ஒரு மனுவும் ஒவ்வொன்றின் தனி ஆதரவுக் கடிதமும் நல்லது. பதிவுத்தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைக் கையில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள்.

வாய்மொழி விசாரணைக்கு அழைத்தால் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். மூத்தவர் ஒருவர் ஊர் வரலாற்றோடு தொடங்கினால் நேரம் அங்கேயே முடியும். வரைபடத்தை விரித்துக் காட்டுபவர் முதலில் பேசட்டும். கோடு மாறினால் பாதிக்கப்படும் பக்கத்து வட்டாரத்தார் ஒருவரைக் கூட்டிப்போய் ‘எங்களுக்கும் சம்மதம்’ என்று சொல்ல வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வர்த்தமானி வந்ததும் மூன்று மொழிப் பிரதியையும் வரி வரியாகப் பாருங்கள். ஒரு பிரிவு இரண்டு வட்டாரத்திலும் வந்திருக்கிறதா, எதிலும் வராமல் போயிற்றா என்பதுதான் முதலில் தேட வேண்டியது. எழுத்துப் பிழையென்றால் உடனே உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அமைச்சுக்கும் எழுதுங்கள். கோட்டையே ஏற்க முடியாதென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு ஒரு வழி. 2017 நவம்பரில் அப்படிச் சில மனுக்களால் எல்லை வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை வந்தது, மனுக்கள் மீளப்பெறப்பட்ட பிறகே தடைக்குள்ளான மன்றங்களின் தேர்தல் வேலைகள் நகர்ந்தன. செலவு பெரிது, சட்டத்தரணி வேண்டும், தாமதமும் எதிராக வாதிடப்படும். வேட்புமனு அழைத்த பிறகு போவதைவிட, வர்த்தமானி வந்த சில கிழமைகளுக்குள் ஆலோசனை கேட்பது மேல். அப்போது முத்திரையிட்ட பிரதி கையில் இல்லாவிட்டால், நீங்கள் முறையிட்டீர்கள் என்பதையே நிறுவ முடியாது.