ஜுஹூ மழையில் செஸ்னா: இதுவரை பழகியது

வீட்டு சிமுலேட்டரில் இப்போது ஈர ரன்வே லேண்டிங்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எக்ஸ்-பிளேன் 12, விமானம் சின்ன செஸ்னா 172எஸ், இடம் மும்பை ஜுஹூ விமான நிலையம், மேற்கு நோக்கி இறங்கும் ரன்வே 26. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபாலோடு வந்து இறங்கிய இடம். அந்தக் காலத்தில் பருவமழை வந்தால் மைதானம் சேறாகிவிடும், டாடா விமானங்கள் பூனாவுக்கு மாறிவிடும். இன்று 1143 மீட்டர் ரன்வே இருக்கிறது.

நீளம் பிரச்சினையே இல்லை. கையேட்டுப்படி 50 அடி உயரத்திலிருந்து நிற்கும் வரை 1335 அடி, சுமார் 407 மீட்டர். ஈரத்துக்கு 15 சதவீதம் சேர்த்தாலும் பாதி ரன்வே மிச்சம். சோதிப்பது டயர்தான். தேங்கிய தண்ணீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு 1960களில் நாசா சோதனைகளிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு: டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரும். பின்சக்கரங்களில் 42 பிஎஸ்ஐ என்றால் 58 நாட். தரை தொடும்போது டயர் இன்னும் சுழல ஆரம்பித்திருக்காது, அதனால் 7.7ஆல் பெருக்க வேண்டும், 50தான் வருகிறது.

இந்த 50ஐ வைத்துதான் பழகுகிறேன். 70 நாட்டில் வந்து, சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி இறக்கினால், 60ல் தொடுகிறது. பார்க்க அழகு, ஆனால் பிரேக் மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) முழுதாக இறக்கி 61ல் வந்து, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரையவிட்டு, ‘டொக்’ என்று உட்காரவைத்தால் கதையே வேறு. அந்தத் தட்டில் தண்ணீர்ப் படலம் கிழிகிறது, சக்கரம் சட்டென்று சுழல்கிறது. சிமுலேட்டர்காரர்கள் நாம் மெத்தென்ற லேண்டிங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டுகிறோம்.

அப்புறம் பிரேக். 172ல் ஏபிஎஸ் கிடையாது. முதலில் ஃபிளாப்பை மேலே ஏற்றிவிடுகிறேன். இறக்கையின் தூக்குவிசை குறைந்து எடை சக்கரத்தில் இறங்குகிறது. யோக்கை (கையால் பிடிக்கும் ஸ்டீயரிங்) பின்னால் இழுத்துப் பிடித்தபடி மெதுவாக மிதிப்பது, வழுக்கினால் உடனே விடுவது, மறுபடி மிதிப்பது. தென்மேற்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும்போது எயிலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) அந்தப் பக்கமே திருப்பி வைக்க வேண்டும். வேகம் இருக்கும்வரை ரட்டர் (வாலில் உள்ள சுக்கான்) பேசும். வேகம் இறங்கியபின் திசையைப் பிடிக்க வேண்டியது மூக்குச்சக்கரம், ஈரத்தில் அதை நம்பிப் பெடலை அமுக்கினால் பக்கவாட்டில் நழுவும்.

இனி ரன்வே 08, அதாவது அதே ஓடுபாதையில் எதிர்த்திசையில், பின்காற்றோடு. கையேடு ஒவ்வொரு 2 நாட் பின்காற்றுக்கும் 10 சதவீதம் தூரம் கூட்டச் சொல்கிறது. 10 நாட் என்றால் வேகமானி 61தான் காட்டும், தரையில் 71. ஆக 50க்குக் கீழே தொடுவது சுலபமாக இருக்காது.