காணாமல் போன பரிசலும் காலை 8 மணி நீர்மட்டமும்

சென்ற ஆண்டு மாசி மாதக் கடைசியில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் கவிழ்த்து வைத்திருந்த அப்பாவின் பரிசல் ஓர் இரவில் காணாமல் போனது. அது திரும்பக் கைக்கு வர நான்கு மாதங்களுக்கும் மேல் ஆனது. இடைப்பட்ட நாட்களில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களையும், செய்த தவறுகளையும், தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்ட ஒன்றிரண்டு காரியங்களையும் எழுதி வைத்தால், பரிசலோ வலையோ பறிகொடுத்த வேறு எவருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் கொளத்தூர் ஒன்றியத்தில் அணைத் தண்ணீரை ஒட்டியிருக்கிறது. நான் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஊரிலேயே இருந்து மீன் பிடிக்கிறார். மூங்கில் பிளாச்சில் பின்னித் தார் பூசிய பரிசலைத்தான் அவர் நெடுங்காலம் வைத்திருந்தார். அதை ஓர் ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிவிடலாம். 6 ஆண்டுகளுக்கு முன்பு 14,000 ரூபாய்க்கு ஏழடி விட்டமுள்ள கறுப்பு நிற ஃபைபர் பரிசல் ஒன்றை வாங்கினார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். களவு போன அன்று கரையில் கிடந்த தடம் அதையேதான் சொன்னது: பரிசலின் விளிம்பு ஈர மண்ணில் பதிந்திருந்த வட்டம், அதிலிருந்து மேட்டுக்கு ஏறும் இரண்டு ஜோடிக் காலடிகள், மேட்டில் குட்டியானை வண்டி திரும்பிய சக்கரத் தடம். கயிறு கட்டிய முளைக்குச்சியில் ஒரு சாண் கயிறு மிச்சமிருந்தது. அதன் முனை கத்தியால் அறுத்தது போல நேராக இருந்தது.

அந்தத் தடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்றவர்களுக்கும் தோன்றவில்லை. நான் சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆடுகள் அதன் மேல் நடந்து போயிருந்தன. அறுந்த கயிற்றை மட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் அவிழ்த்து எடுத்து வைத்திருந்தார்.

காவல் நிலையத்தில் எங்களை எவரும் விரட்டவில்லை, அதட்டவுமில்லை. எழுதிக் கொடுத்த மனுவை வாங்கிப் படித்த காவலர், "ஏனுங்க பெரியவரே, ராத்திரி தண்ணி ஏறி அடிச்சுட்டுப் போயிருக்கும், நாலு நாள் பாருங்க, எங்காவது ஒதுங்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் வரும் மாதங்களில் இங்கே ஒரே இரவில் நீர்மட்டம் அடிக்கணக்கில் உயர்ந்து, கரையில் கட்டாமல் விட்ட பரிசல்களைக் கிளப்பிக்கொண்டு போவதுண்டு. மாலையில் வறண்டிருந்த இடத்தில் காலையில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஆடி மாதத்துக் கதை. மாசியில் நடக்கக் கூடியதல்ல. நாங்கள் வாயால் சொன்ன இந்த வேறுபாடு மனுவில் ஏறவில்லை. அன்று மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., மட்டும் கொடுத்தார்கள். அந்த ரசீதையே வழக்கு என்று நினைத்துப் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நாங்களும் போனோம்.

வழக்கு பதிவாகாமல் நின்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை நாங்களே கையால் எழுதிக் கொடுத்திருந்தோம். பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டபோது, அப்பா தம் இயல்புப்படி, "பழசுங்க, இப்ப வித்தா மூவாயிரத்துக்குப் போகும், அதையே போடுங்க" என்று சொல்லிவிட்டார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களின்படி (தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளின் திருட்டு, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை தானாக விசாரிக்க முடியாத குற்றமாகிவிடுகிறது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வரும் ஒரு வழக்கறிஞர். 3,000 என்று அப்பா அடக்கமாகச் சொன்ன ஒரு சொல் எங்கள் மனுவின் காலை ஒடித்திருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது மனு எழுதினேன். பரிசல் வாங்கிய பட்டறைக்காரரைத் தேடிப் போய், அவருடைய பழைய நோட்டில் அப்பாவின் பெயரும் தொகையும் இருந்த பக்கத்தைப் படியெடுத்து, இன்றைய விலையையும் தேய்மானத்துக்குப் பின் உள்ள மதிப்பையும் அவர் கையெழுத்தில் வாங்கி இணைத்தேன். அதுவரை அப்பாவிடம் இருந்தவை மீன்பிடி உரிமமும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையும்தாம். அவர் மீனவர் என்பதற்கு அவை போதும், இந்தப் பரிசல் அவருடையது என்பதற்குப் போதா. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஆர்.சி. புத்தகம் எதுவும் எங்கள் பரிசலுக்குக் கிடையாது.

தண்ணீர் அடித்துப் போகவில்லை என்பதைக் காட்ட எனக்கு வழி கிடைத்த இடம், நாள்தோறும் எங்கள் ஊர் டீக்கடையில் உரக்கப் படிக்கப்படும் செய்தி. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய நான்கையும் நீர்வளத் துறை காலை 8 மணிக் கணக்காகத் தினமும் வெளியிடுகிறது. நாளிதழ்களும் அதைத் தவறாமல் போடுகின்றன. டெல்டாக்காரர்கள் அதைப் படிப்பது பாசனத்துக்காக. நாங்கள் படிப்பது, நாளை பரிசலை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டியிருக்கும் என்று அறிய. களவு போனதற்கு முந்தைய ஒரு வாரத்து நாளிதழ்களை டீக்கடைப் பரணிலிருந்து எடுத்து எண்களை வரிசையாக எழுதினேன். குடிநீருக்காகத் திறந்துவிட்ட அளவைவிட வரத்து குறைவாக இருந்தது. நீர்மட்டம் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக இறங்கியிருந்தது, களவு போன இரவிலும் இறங்கியே இருந்தது. இறங்கும் தண்ணீர், கரையில் ஏற்றிக் கவிழ்த்துக் கட்டிய பரிசலைக் கொண்டு போகாது. அறுந்த கயிறு, பட்டறைக் கடிதம், இந்த ஒரு தாள் ஆகிய மூன்றையும் வைத்து மனு கொடுத்த பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவானது. நியாய சன்ஹிதாவில் திருட்டுக்குரிய 303(2) பிரிவில் பதிவு செய்து, அதன் படியைக் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தேடும் வேலையை ஊரார் எங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தார்கள். அணை நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். எங்கள் பக்கம் சேலம் மாவட்டம், எதிர்க்கரையில் நாகமரை, ஒட்டனூர் எல்லாம் தருமபுரி மாவட்டம். மேலே ஒகேனக்கல் அருவி, கீழே அணைச் சுவர் என்பதால், தண்ணீர் வழியாக இந்த எல்லைக்கு வெளியே எந்தப் பரிசலும் போக முடியாது. ஆகையால் அது இந்தக் கரைகளுக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் சாலை வழியாக வண்டியில் போயிருக்க வேண்டும். பண்ணவாடித் துறையிலும் கோட்டையூர்த் துறையிலும் அக்கரைக்கு ஆள் ஏற்றுபவர்களிடமும், மீன் எடுக்க வரும் வியாபாரிகளிடமும், அணைக்குக் கீழே பூலாம்பட்டியில் நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு விடுபவர்களிடமும் அப்பாவின் நண்பர்கள் சொல்லி வைத்தார்கள்.

இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். முதலில் அனுப்பிய செய்தியில் ஒரு கறுப்புப் பரிசலின் படமும், என் தம்பியின் கைப்பேசி எண்ணும், "திருடனைக் கண்டால் விடாதீர்கள்" என்ற வரியும் இருந்தன. கறுப்பு ஃபைபர் பரிசல் இந்தக் கரைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. மூன்று நாட்களில் 20க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒன்றை நம்பி எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் வேறோர் ஊர்க் கரைக்குப் போய், அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரைப் பரிசலைவிட்டு இறங்கச் சொல்லி, அவர் மறுத்தபோது சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பரிசல் அவர் மகளின் வளையலை அடகு வைத்து வாங்கியது. மறுநாள் அப்பா அந்த வீட்டுக்கு நேரில் போனார். நானும் கூடப் போனேன். அப்பா திண்ணையில் ஏறவில்லை. வாசலில் நின்றபடியே, "எம் பொருள் போன வயித்தெரிச்சல்ல உங்க மானத்துல கை வச்சுட்டோமுங்க" என்றார். அந்த மனிதர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் மனைவியிடம் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார். இந்த நான்கு மாதத்தில் நான் வெட்கப்பட்டது அந்த ஒரு வாசலில்தான்.

அதற்குப் பிறகு செய்தியை மாற்றினேன். திருடன் என்ற சொல்லை எடுத்துவிட்டு, "கண்டால் எங்களுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள், நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்" என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சேர்த்தேன். அடையாளமாக ஒட்டுப் போட்ட இடத்தைக் குறிப்பிட்டேன். ஒரு கோடையில் தண்ணீர் வற்றியிருந்தபோது, பண்ணவாடிப் பக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஊர்களின் ஏதோ ஒரு சுவரில் மோதிப் பரிசலின் அடிப்பாகம் கீறியது. அப்பா ஃபைபர் பாயை வெற்றிலை வடிவில் வெட்டி ரெசின் ஊற்றி ஒட்டினார். ஆனால் அந்த ஒட்டின் மேல் இருந்த இன்னோர் அடையாளத்தை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். ரெசின் இறுகுவதற்கு முன்பு அவர் அதன் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு அழுத்தியிருந்தார். சாக்கை உரித்த பிறகு அதன் நெசவு, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக, ஒட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. அழைப்பவர்களிடம் ஒட்டின் மேல் என்ன தெரிகிறது என்று கேட்பேன். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்பார்கள், சிலர் எண் என்பார்கள், ஒருவர் முருகன் படம் என்றார்.

ஆனி மாதம் பிறந்து சில நாட்களில், டிவிஎஸ் 50இல் மீன் விற்கும் ஒருவர் அழைத்தார். ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குட்டையில் ஜிலேபி மீன் எடுக்கப் போன இடத்தில், மீனுக்குத் தீனி போட வைத்திருந்த பச்சைப் பரிசல் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். எங்களுடையது கறுப்பு என்றேன். "பச்சை இப்ப அடிச்சதுங்க, உள்ளே கறுப்பு தெரியுது" என்றார். ஒட்டின் மேல் என்ன இருக்கிறது என்றதற்கு, "சாக்குப் பையை வச்சு அமுக்கின மாதிரி வரிவரியா இருக்குதுங்க அக்கா" என்றார். நான் ஜவுளிக் கடையின் கணக்கு மேசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

நாங்கள் யாரும் அங்கே போகவில்லை. விசாரிக்கும் அதிகாரிக்குத்தான் தெரிவித்தோம். குட்டைக்காரர் அதை யாரோ ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். திருட்டுப் பொருள் என்று தெரியாது என்று சொல்லி மறுப்பின்றி ஒப்படைத்தார். விற்றவரைப் பற்றிய விசாரணை நடப்பதால் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கிடைத்த பொருள் உடனே வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். கைப்பற்றிய பொருள் வழக்குச் சொத்து; அது நீதிமன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். நிலையத்து வேப்பமரத்தடியில் துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவே பரிசல் சாய்ந்து கிடந்தது. மழை பெய்த மறுநாள் அதில் தேங்கிய தண்ணீரை அப்பா அனுமதி கேட்டு இறைத்துவிட்டு வந்தார். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆவது பிரிவில் இடைக்கால ஒப்படைப்புக்கு மனுப் போடலாம். நீதிமன்றத்தின் முன் வந்த பொருளுக்கு 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல் தயாரித்து, படம் எடுத்து, அதன் பிறகு 30 நாட்களுக்குள் ஒப்படைப்பது பற்றி உத்தரவிட வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே பொருள் விசாரணை முடியும் வரை கிடக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஏறத்தாழ அந்தக் கணக்கிலேயே முடிந்தது. ஒரு ஜாமீன்தாரர், ஒரு பிணைப்பத்திரம், பட்டறைக்காரரின் கடிதம் ஆகியவை போதுமாயின. இந்த நாட்களில் அப்பா இரவல் பரிசலில் போய், பிடித்த மீனில் மூன்றில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவந்தார் என்பதால், எங்களுக்கு நாள் கணக்கு முக்கியமாக இருந்தது.

பிணைப்பத்திரத்தில், வழக்கு முடியும் வரை பரிசலை விற்கவோ அதன் தோற்றத்தை மாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும் என்பது அப்பாவின் முதல் எண்ணமாக இருந்தது, நான் தடுத்தேன். ஆகவே அவர் இப்போதும் அந்தப் பச்சையிலேயே போய் வருகிறார்.

கிடைத்துவிட்டது என்று எல்லாக் குழுக்களிலும் எழுதிவிட்டேன். ஆனால் பழைய செய்தி இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் ஒட்டனூர்க் கரையிலிருந்து ஒரு பையன் அழைத்தான். வெற்றிலை ஒட்டுள்ள பரிசல் கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது என்றான். பழக்கத்தில், ஒட்டின் மேல் என்ன தெரிகிறது என்று கேட்டேன். "சாக்கு வரி தெரியுதுங்க அக்கா. அதை ஓட்டிட்டு வந்த பெரியவர் இங்கதான் டீ குடிச்சுட்டு இருக்கிறாரு. நாங்க ஒண்ணும் பண்ணல, பேச்சுக் குடுத்து உட்கார வச்சிருக்கோம்" என்றான்.