அளவு நாடா

கம்ப்யூட்டரை மாற்றப் போகிறேன் என்று நான் சொன்னால் இந்த வீட்டில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 2018-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வருடம்தான், விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் என்ற வகை முதலில் வந்தது. அவற்றின் ஒளி வித்தைகளுக்கு ஏற்ற விளையாட்டுகள் வரட்டும், பொறு என்றான் மச்சினன். பொறுத்தேன். 2020-ல் அடுத்த தலைமுறை வந்தது. விலை இறங்கட்டும் என்றான். இறங்கவா செய்தது? 2021-ல் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை இதே கார்டுகளால் கணக்குப் போட்டுத் ‘தோண்டுகிறவர்கள்’ அவற்றை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். சிப் தட்டுப்பாடு வேறு. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் அந்தத் தோண்டும் முறையையே கைவிட்டது. பழைய கார்டுகள் வந்து கொட்டும், அப்போது பார்க்கலாம் என்றான். கொட்டியபோது, இரவு பகலாகச் சுரங்கத்தில் உழைத்த கார்டை நம்பி வாங்குவாயா என்று அவனே கேட்டான். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் வந்துவிட்டது. என் மேசைக்கு அடியில் இன்னும் 2017-ல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 கார்டுதான். மச்சினன் இதற்குள் மூன்று முறை மாற்றிவிட்டான். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் இந்த முறை விஷயம் கைமீறிவிட்டது. ஐந்தாறு மாதமாக எந்த விளையாட்டைத் திறந்தாலும் முதல் பத்து நிமிடம் சமர்த்தாக ஓடுகிறது. பிறகு திரையில் வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம்தான், சில நேரம் அதுவும் இல்லை. நான் குறி பார்ப்பதற்குள் எதிரி என்னைச் சுட்டு, துப்பாக்கியைத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டாவியும் விட்டுவிடுகிறான். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் என்னுடைய ரைசன் 5 1600 இல்லை. எனக்குத் துக்கம் ஒரு பங்கு என்றால் மகிழ்ச்சி மூன்று பங்கு. எட்டு வருடத்தில் முதல் முறையாக, ஆசை என்று சொல்லாமல் அவசியம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கிறது அல்லவா!

ஆராய்ச்சியில் இறங்கினேன். குற்றவாளி கார்டா பிராசசரா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. திரையின் தெளிவைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரேம் கூடினால் தடை கார்டில். கூடாவிட்டால் பிராசசரில். குறைத்தேன். கூடவில்லை. தெளிவை மேலும் குறைத்து, கதாநாயகனின் முகம் செங்கல் அடுக்கியது போல ஆன பிறகும் கூடவில்லை. சரி, பிராசசர்தான்.

இங்கேதான் கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியாரின் கதை ஆரம்பித்தது. இன்றைய புதிய பிராசசர் வேண்டுமானால் மதர்போர்டை மாற்ற வேண்டும். அந்த மதர்போர்டு டிடிஆர்5 மெமரிதான் கேட்கும், என்னிடம் இருப்பதோ டிடிஆர்4. மெமரி வாங்கலாம் என்றால் செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் டேட்டா சென்டர்கள் சிப்புகளை விழுங்குவதால் அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய கார்டையே செருகுவதா என்று மனது கேட்டது. புதுக் கார்டு என்றால் பவர் சப்ளை போதாது. கடைசியில் சாமியாருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது போல, என் அட்டவணையில் பழையது என்று மிஞ்சியது மவுஸ் மட்டும். அந்த அட்டவணைக்கு நான்கு நிறங்கள் கொடுத்திருந்தேன். அலுவலகத்தில் எந்த அட்டவணைக்கும் நான் நிறம் கொடுத்ததில்லை.

மிச்சம் ஒரே சந்தேகம். புதுக் கார்டுகளில் பல 30 சென்டிமீட்டரைத் தாண்டுகின்றன, என் கேபினெட்டில் அவ்வளவு இடம் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தேன். உறையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அளந்தேன். ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றினால் 31 சென்டிமீட்டர் வருகிறது. ஆறுதல்.

இரவு, பழைய பெட்டிக்கு ஒரு பிரிவு உபசாரம் செய்யலாம் என்று விளையாட உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ஃப்ரேம் 60-ஐ விட்டு இறங்கவில்லை. எதிரிகள் நான் சுட்டதும் மரியாதையாக விழுந்தார்கள். அணையப் போகிற விளக்கு என்று நினைத்துக்கொண்டேன், கண்கூடக் கலங்கியது.

சின்னவன் பின்னால் வந்து நின்று திரையின் மூலையைப் பார்த்தான். “அப்பா, கார்டு 67 டிகிரிதான் காட்டுகிறது. எப்போதும் 83-ஐத் தொட்டு நிற்குமே?” என்றான். அப்புறம் நாற்காலியைப் பார்த்தான். “பாட்டியின் உறை எங்கே?”

அந்த உறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தூசி உள்ளே போகிறதே என்று ஐந்தாறு மாதத்துக்கு முன் அம்மா தைத்தது. பவர் பொத்தானுக்கு ஒரு துளை, துளையைச் சுற்றிப் பூவேலை. உள்ளே எரியும் பச்சை விளக்கு தெரிய வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு ஜன்னல். ஒயர்களுக்குப் பின்னால் ஒரு பிளவு. தையல் அவ்வளவு கச்சிதம். அது துணி என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. முன்பக்கம் இழுக்கும் காற்று வெளியேற வேண்டிய மேற்பக்கமும் பின்பக்கமும் இரண்டு அடுக்குப் பருத்தித் துணியால் மூடியிருந்தன. கார்டும் பிராசசரும் புழுக்கம் தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கின்றன. நான் நான்கு மாதம் ஆராய்ந்திருக்கிறேன்.

சின்னவன் அத்தோடு விடவில்லை. விண்டோஸ் 11-க்குப் புது மதர்போர்டு எதற்கு, இதே போர்டில் பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசைப் பிராசசர் ஒன்றைப் போட்டால் போதுமே என்றான். தேடிப் பார்த்தேன், எங்கள் போர்டுக்கு அந்த பயாஸ் இருக்கிறது. நான்கு நிறங்களில் மூன்றைக் கண்முன்னே அழித்துவிட்டான். இவனைப் படிக்க வைத்தது யார்?

மச்சினனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் காலை உறை துவைத்துத் தேய்த்து மீண்டும் பெட்டியின் மேல் ஏறியிருந்தது. இப்போது இரவு அவள் தூங்கிய பிறகு திருடன் போலக் கழற்றுகிறேன், விளையாடி முடித்ததும் ஜன்னல் நேராக இருக்கிறதா என்று பார்த்து மாட்டிவிட்டுப் படுக்கிறேன்.

நேற்று அளவு நாடாவோடு அவளே வந்து நின்றாள். புதுப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் வேண்டுமாம். வருவதற்கு நாளாகும் அம்மா என்றேன். பரவாயில்லை, இப்போதே தைத்து வைத்துவிடுகிறேன் என்றாள். பழைய உறையைக் கழற்றும்போதெல்லாம் உள்பக்கம் தொட்டால் சுடுகிறதாம். பாவம், துணி எத்தனை நாள் தாங்கும்? அதனால் அடுத்ததற்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கப் போகிறாளாம்.